கடலோர மணலில் காய்கறித் தோட்டம்: வீட்டு மட்கு போதாதபோது மண்ணைத் தேற்றும் வழிகள்

ஒரு கணக்கிலிருந்து தொடங்கலாம். கத்தரி, வெண்டை, மிளகாய் போன்ற காய்கறிகளுக்கு எக்டருக்கு 25 டன் தொழு உரம் இடவேண்டும் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. சென்ட் கணக்கில் அது ஏறக்குறைய 100 கிலோ. வீட்டில் நாளொன்றுக்கு ஒரு கிலோ காய்த்தோலும் பழத்தோலும் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு முழுக்கச் சேரும் 365 கிலோவும் மட்கி வற்றிய பிறகு 100 கிலோ தேறினாலே பெரிது. ஓராண்டுச் சேமிப்பு ஒரு சென்ட்டோடு தீர்ந்துவிடுகிறது. ராமநாதபுரம் கரையில் தேவிபட்டினத்திலோ உச்சிப்புளியிலோ வீட்டைச் சுற்றி ஐந்து சென்ட் வைத்திருப்பவர் மட்குத் தொட்டியை மட்டும் நம்பினால், மீதி நான்கு சென்ட்டில் நெருஞ்சிதான் விளையும்.

அளவு போதாதது ஒரு பக்கம். மண்ணின் குணம் இன்னொரு பக்கம். ராமநாதபுரம் கடற்கரை மணலில் களி மிகக் குறைவு. இட்ட மட்கு வெயிலில் சீக்கிரம் எரிந்துபோகிறது. எஞ்சிய சத்தை ஐப்பசி மழை ஒரே இரவில் வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறக்கிவிடுகிறது. களிமண் ஊர்க்காரர்கள் எழுதிய உரப் பட்டியலை அப்படியே இங்கே பின்பற்றினால் பாதிச் செலவு மழைநீரோடு போகும். போட்ட உரத்தை எது பிடித்துவைக்கும் என்பதை முதலில் தீர்த்துக்கொண்டு, என்ன உரம் என்பதற்குப் பிறகு வரலாம். கீழே உள்ள வரிசை அப்படி அமைந்ததே.

1. உப்பைப் பார்க்காமல் எதையும் கொட்டாதீர்கள்

நமக்குக் கிடைக்கும் பொருள்களில் பலவற்றில் உப்பு ஒளிந்திருக்கிறது. கிணற்று நீர், கடற்பாசி, கோழி எரு, கடல்நீரில் ஊறிய தேங்காய் மட்டை, ஏன், கடலை ஒட்டிய கண்மாயின் வண்டல்கூட அப்படித்தான். உரம் என்று நினைத்து உப்பைக் கொட்டினால் செடி வாடுவது நிச்சயம்.

மண்ணையும் நீரையும் ஒருமுறையாவது ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் ராமநாதபுரத்திலேயே இருக்கிறது. முடிவில் இரண்டு எண்களைக் கவனியுங்கள்: கார அமிலத் தன்மை, உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்துத் திறன். பீன்ஸ் 1, மிளகாய் 1.5, தக்காளி 2.5, பீட்ரூட் 4, தட்டைப்பயறு ஏறக்குறைய 5 டெசிசீமன்ஸ்/மீட்டர் மின் கடத்துத் திறன் வரை மகசூல் குறையாமல் தாங்கும் என்பது பயிரியலில் ஏற்கப்பட்ட அளவு. இது நீர் நிறைந்த மண்சாற்றில் அளந்த கணக்கு. உங்கள் அட்டையில் இருப்பது வேறு முறையில் அளந்த எண்ணாக இருக்கலாம் என்பதால், எந்த முறை என்று ஆய்வகத்தில் கேட்டுவிட்டு ஒப்பிடுங்கள். இந்தப் பட்டியலைப் பார்த்தபின் உவர் தட்டும் இடத்தில் பீன்ஸ் வைக்க எவருக்கும் மனம் வராது. தட்டைப்பயறு ஏன் இங்கே செழித்து விளைகிறது என்பதும் புரியும்.

வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு பொருளுக்கும் வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. இரண்டு தொட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் வழக்கமான மண். மற்றதில் அதே மண்ணோடு புதுப்பொருளை நான்கில் ஒரு பங்கு கலந்தது. இரண்டிலும் பத்துப் பத்துப் பச்சைப்பயறு ஊன்றி, நல்ல தண்ணீர் விட்டு, பத்து நாள் பாருங்கள். இரண்டாவது தொட்டியில் முளைப்பு குறைந்தாலோ, இலை ஓரம் கருகினாலோ, குருத்து முறுக்கிக்கொண்டாலோ அந்தப் பொருள் இன்னும் மழையில் கழுவப்படவேண்டும், அல்லது மட்கவேண்டும், அல்லது வந்த வண்டியிலேயே திரும்பவேண்டும்.

2. நிலத்தைச் சுருக்குங்கள்

ஐந்து சென்ட்டையும் வளமாக்க நினைப்பதுதான் மட்கு போதாமல் போவதற்குப் பெரிய காரணம். செடியின் வேர் ஓடும் இடத்தை மட்டும் வளமாக்குங்கள். சுரை, பீர்க்கு, பூசணி, பாகல் ஆகியவற்றுக்குக் குழி. கத்தரி, மிளகாய், வெண்டைக்கு இரண்டரை அடி அகலத்துக்கு மேல் போகாத நீளப் பாத்தி. நடைபாதைக்கு ஒரு பிடி உரமும் போகக்கூடாது. பாத்தியை ஒருமுறை அமைத்தபின் அதில் காலே வைக்கக்கூடாது. மீதி நிலத்தைத் தரிசாக விடவேண்டாம். இந்தக் குழிகளுக்குத் தழை வளர்க்கும் இடமாக அதை மாற்றப்போகிறோம்.

மேட்டு மணலாக இருந்தால் பாத்தி தரைமட்டத்துக்கு நான்கு விரல் தாழ்ந்து இருக்கட்டும், ஈரம் தங்கும். கோடையில் வெள்ளையாக உப்புப் பூக்கும் தாழ்ந்த இடமாக இருந்தால் நேர்மாறாக ஓரடி உயர்த்துங்கள். மழை உப்பைக் கழுவி இறக்க வழி வேண்டும். ஒரே தெருவில் இரண்டு வகை வீடும் உண்டு. எதிர்வீட்டைப் பார்த்து அப்படியே செய்யவேண்டியதில்லை.

3. கரம்பை: மணலுக்குக் களி சேர்ப்பது

என்னைக் கேட்டால், இந்தக் கடற்கரையில் முதல் ரூபாயை உரத்துக்குச் செலவிடக்கூடாது, கரம்பைக்கு, அதாவது கண்மாய் வண்டலுக்குச் செலவிடவேண்டும். கண்மாய் வண்டல் மணலுக்கு இல்லாத இரண்டையும் கொடுக்கிறது: சத்தையும் நீரையும் பற்றிக்கொள்ளும் களித்துகள், பல ஆண்டுகளாகப் படிந்த இலைதழையின் மட்கு. மட்கு ஓராண்டில் கரைந்துபோகலாம். களி அப்படிப் போய்விடாது.

ராமநாதபுரம் கண்மாய்களின் மாவட்டம். ஆர்.எஸ். மங்கலம் பெரிய கண்மாய் தொடங்கி ஊருக்கு ஒன்றாவது உண்டு. பங்குனி முதல் ஆனி வரை அவை வறண்டு கிடக்கும் காலமே கரம்பை எடுக்கும் காலம். வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பித்து அனுமதி பெற்று எடுக்கலாம். அனுமதி இல்லாத வண்டியில் வரும் மண்ணை மலிவு என்று இறக்கிக்கொள்வது வம்பை விலைக்கு வாங்குவது.

எடுக்கும்போது கண்மாயின் நடுப்பள்ளத்திலிருந்தோ மடையை ஒட்டியோ எடுங்கள். ஓரத்தில் கிடைப்பது பெரும்பாலும் மணல். அது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஈரமாக்கி உருட்டினால் உருண்டை உடையாமல் நிற்கவேண்டும். ஒரு யூனிட், அதாவது 100 கன அடி, மூன்று சென்ட் பரப்பில் இரண்டு செ.மீ.க்குச் சற்று அதிகமான படலமாக விரியும். நிலத்தைச் சுருக்கிய பிறகு ஐந்து சென்ட்காரருக்கு ஒரு யூனிட் தாராளம்.

கட்டியாக அப்படியே போடாதீர்கள். வெயிலில் காயவிட்டு, ஒரு தூறலில் நனைந்து தானாகப் பொலபொலவென்று உதிரும் வரை காத்திருந்து, மேல் அரையடி மணலோடு கொத்திக் கலக்கவேண்டும். கலக்காமல் மேலே மெழுகியதுபோல் விட்டால் மழைக்குப்பின் ஓடுபோல் இறுகி, தண்ணீர் உள்ளே இறங்காது.

4. ஆட்டு எரு: கையருகே இருக்கும் செல்வம்

‘ஆட்டெரு அவ்வருடம், மாட்டெரு மறுவருடம்’ என்ற பழமொழிக்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. நல்ல தொழு உரத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) அரை சதவீதம். ஆட்டு எருவில் ஏறக்குறைய 3 சதவீதம் தழைச்சத்தும் 1 சதவீதம் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) 2 சதவீதம் சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) உண்டு. 100 கிலோ தொழு உரம் தரும் தழைச்சத்தை 20 கிலோ ஆட்டு எரு தந்துவிடும். மட்கு போதவில்லை என்று கவலைப்படும் வீட்டுக்கு இதைவிட நேரடியான பதில் இல்லை.

இந்த மாவட்டத்துக் கீதாரிகள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு தஞ்சை வரை போய், இரவில் மந்தையை வயலில் அடைத்துக் கிடை போடுபவர்கள். அறுவடை முடிந்த காலத்தில் மந்தை உங்கள் பக்கம் வந்தால், ஓரிரு இரவு கிடை அமர்த்தப் பேசிப் பாருங்கள். ஐந்து சென்ட்டுக்காகத் தனியாக வரமாட்டார்கள்; பக்கத்துத் தோட்டக்காரர்களோடு சேர்ந்து கேட்டால் நடக்கும். கிடையின் பெருமை புழுக்கையைவிட மூத்திரத்தில்தான். பட்டியில் கூட்டி அள்ளும் எருவில் அது இல்லை. கிடை எழுந்த காலையிலேயே மண்ணை மேலாகக் கொத்திவிட்டு ஓலையால் மூடுங்கள். வெயிலில் திறந்து கிடந்தால் தழைச்சத்து ஆவியாகிப் போகும். மூக்கைத் துளைக்கும் நெடி, சத்து காற்றில் கரைவதன் அடையாளம்.

மூட்டையாக வாங்கினால் நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்றுண்டு. ஆடு தின்ற சீமைக் கருவேலக் காயின் விதை சாகாமல் புழுக்கையோடு வெளியே வரும். அப்படியே பாத்தியில் இட்டால் கத்தரிக்கு நடுவே கருவேலங்கன்று முளைக்கும். எருவைக் குவித்து, நன்றாக நனைத்து, பாலித்தீன் தாள் போர்த்தி மூன்று நான்கு வாரம் வையுங்கள். ஒரு பகுதி விதை சூட்டில் சாகும். மீதி முளைத்துத் தலைகாட்டும்போது பிடுங்கிவிடலாம். புது எருவின் சூடும் அதற்குள் தணிந்துவிடும்.

கோழி எருவிலும் சத்து அதிகம். உப்பும் சூடும் அதைவிட அதிகம். இரண்டு மாதமாவது மட்கவைத்த பிறகு, ஆட்டு எருவில் பாதி அளவுக்கு மேல் போகாமல் இடுங்கள்.

5. கரிமூட்டத்துத் தூள்

நிலத்தடி நீரை உறிஞ்சுவதாகச் சீமைக் கருவேலம் என்ன பெயர் வாங்கியிருந்தாலும், அதை எரித்து எடுக்கும் கரி இந்த மாவட்டத்தின் தொழில்களில் ஒன்று. முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடிப் பக்கம் மூட்டம் பிரித்தபின் விலைபோகாத குருணையும் தூளும் ஒதுக்கிக் கிடக்கும். அது கரைந்துபோகாத பஞ்சு. நுண்துளைகளில் நீரையும் சத்தையும் நுண்ணுயிரையும் குடிவைத்துக்கொள்ளும். மட்கைப்போல ஓராண்டில் மறையாது.

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, வெறுங்கரியை மண்ணில் இட்டால் அது செடிக்கு இருக்கும் சத்தைத் தான் இழுத்துக்கொள்ளும். மாட்டு மூத்திரத்தைப் பத்து மடங்கு நீரில் கலந்தோ, ஜீவாமிர்தத்திலோ (செய்முறை 10-ஆம் பகுதியில்) இரண்டு வாரம் ஊறவைத்து வயிறு நிரப்பிய பிறகே இடவேண்டும். இரண்டாவது, மூட்டத்துச் சாம்பல் கலக்காமல் சலித்து எடுங்கள். கிளிஞ்சல் துகள் கலந்த கரை மணலுக்கு ஏற்கெனவே காரத்தன்மை அதிகம். சாம்பல் அதை மேலும் கூட்டும். சதுர மீட்டருக்கு அரை கிலோ கரி போதும்.

6. தேங்காய் மட்டையும் நார்க்கழிவும்

தங்கச்சிமடம், உச்சிப்புளி தென்னந்தோப்புகளால் இது எளிதில் கிடைக்கும். நார்க்கழிவு தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைப் பிடிக்கும். ஆனால் அது உரமன்று. பச்சையாக இட்டால் மட்குவதற்காக மண்ணின் தழைச்சத்தையே உறிஞ்சும். ஆட்டு எருவையும் நார்க்கழிவையும் மாறி மாறி அடுக்கி, ஈரம் காயாமல் மூன்று மாதம் விட்டால் கருத்து உதிரியாகும், அப்போது இடலாம். முழு மட்டையை ஊறவைத்து, குழியின் அடியில் உட்புறம் மேல்நோக்கி அடுக்குவது தென்னைக்குச் செய்யும் பழைய முறை. கொடிக் காய்களுக்கும் அது பொருந்தும். எதுவானாலும், கடல்நீரில் அழுகவைத்த சரக்கா என்று கேட்டு வாங்குங்கள்.

7. கடல் தருவதை எடுக்கும் முறை

கரையில் ஒதுங்கும் பாசியும் கடற்புல்லும் சாம்பல்சத்தும் நுண்சத்துகளும் நிறைந்தவை. மணிச்சத்து குறைவு, தழைச்சத்து நடுத்தரம். ஆகவே ஆட்டு எருவுக்குத் துணையாகும், மாற்றாகாது.

கரைக்கு வந்ததை மட்டுமே எடுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே கை வைக்கக்கூடாது. உயிரோடு இருக்கும் பாசியையோ புல்லையோ தோட்டத்துக்காகப் பிடுங்குவது மீன்குஞ்சின் தொட்டிலைப் பிடுங்குவது. பாக் நீரிணைப் பக்கம் மிதவைகளில் கப்பாபைகஸ் என்ற கடற்பாசியை வளர்ப்பவர்களிடம் கழித்த துண்டுகள் இருந்தால் கேட்டு வாங்கலாம். பச்சைக் கப்பாபைகஸைப் பிழிந்து இலைத்தெளிப்புச் சாறு எடுக்கும் முறையை உருவாக்கியது மத்திய உப்பு, கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்; அதன் ஆய்வு நிலையம் மண்டபத்தில் இருக்கிறது.

பாசியை நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசு என்று எழுதிவிடுவது சுலபம். குடிநீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்கும் ஊரில் அது நடக்கிற காரியமா? மழையே அலசட்டும். ஆவணி, புரட்டாசியில் சேர்த்து, நைலான் வலைத்துண்டுகளையும் பிளாஸ்டிக்கையும் பொறுக்கிவிட்டு, தோட்டத்துக்கு வெளியே சரிவான மணலில் முழங்கால் உயரத்துக்குப் பரப்புங்கள். வழியும் நீர் பாத்திப் பக்கம் வரக்கூடாது. ஐப்பசியில் மூன்று நான்கு பெருமழை கண்டபின் பயறுச் சோதனை செய்து, கார்த்திகை, மார்கழியில் மண்ணை மூடிப் பரப்பும் மூடாக்காகவோ மட்குக் குவியலில் ஒரு அடுக்காகவோ சேர்க்கலாம்.

மீன் கழிவு வேகமான தழைச்சத்து. மீன் கழுவும் இடத்திலிருந்து வரும் தலை, குடல், செதிள், விசைப்படகில் வரும் சங்காயம் (விலைபோகாத சிறுமீன்) எல்லாம் ஆகும். கருவாட்டுக் கழிவு மட்டும் ஆகாது. அதில் உப்பு மிகுதி. செடியிலிருந்து ஓரடி தள்ளி, ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்து, மேலே ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்கு தூவி, மண்ணைத் தள்ளி, முள்ளைப் போட்டு வையுங்கள். முள் இல்லாவிட்டால் தெருநாய்கள் இரவே தோண்டிவிடும். இடமில்லாதவர்கள் மீன் அமிலம் போடலாம். மீன் கழிவும் கழிவுக் கருப்பட்டியும் சம எடை. வாய் அகன்ற ஜாடியில் கால் பாகம் காலியாக விட்டு இறுக மூடி, நிழலில் 21 நாள். அழுகல் நாற்றம் போய்ப் பழவாடை வந்தால் தயார். வேருக்கு லிட்டருக்கு 10 மி.லி., இலைக்கு 5 மி.லி., மாலை நேரத்தில்.

8. மீதி நிலத்தில் தழை

சுருக்கியதில் மிஞ்சிய நிலத்தில் தக்கைப்பூண்டு விதையுங்கள். சணப்பைவிட உவரைத் தாங்கும். சென்ட்டுக்கு 200 கிராம் விதை. புரட்டாசி முதல் மழையில் விதைத்தால் 45 முதல் 50 நாளில் பூவெடுக்கும். அப்போது அறுத்துப் பாத்திகளுக்கு மூடாக்காகப் போடலாம், அல்லது அங்கேயே மடக்கி உழலாம். பூ முற்றவிட்டால் தண்டு நாராகிவிடும், மட்க நாளாகும். தண்ணீர் கொடுக்க முடியாத ஓரத்தில் கொழுஞ்சியை விட்டுவையுங்கள். ஒருமுறை நிலைத்தால் தானே விழுந்து தானே முளைக்கும். வேலியில் கிளிரிசிடியாவும் பூவரசும் வேம்பும் நின்றால் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை கவ்வாத்துத் தழை கிடைக்கும். உப்புக்காற்றுக்குப் பூவரசு அசையாது.

9. குழியை நிரப்பும் நாள்

எல்லாம் கைக்கு வந்தபின், ஆவணிக் கடைசியில் குழி எடுங்கள். நீளம், அகலம், ஆழம் எல்லாம் ஒன்றரை அடி. அடியில் ஊறிய மட்டை ஒரு வரிசை. அதன்மேல் தழை ஒரு கூடை. மேலெடுத்த மணலோடு இரண்டு சட்டி உதிர்ந்த கரம்பை, இரண்டு கிலோ ஆட்டு எரு, ஒரு பிடி ஊறிய கரி, 100 கிராம் வேப்பம் பிண்ணாக்கு ஆகியவற்றைக் கலந்து நிரப்புங்கள். வீட்டு மட்கு எங்கே என்று கேட்பீர்கள். அது ஒரு கிலோ போதும். விதை விழும் நடுப்பகுதியில், மேல் நான்கு விரல் ஆழத்தில் மட்டும். அங்கே அது பிள்ளைச்செடிக்குப் பாலாகவும், கீழே உள்ளவற்றை மட்கச்செய்யும் நுண்ணுயிர்களுக்கு வித்தாகவும் இருக்கும். ஓராண்டு சேர்த்த 100 கிலோ இப்போது நூறு குழிக்கு வரும்!

நனைத்து, ஓலை மூடி, மூன்று வாரம் ஆறவிட்டு, புரட்டாசி கடைசியில் விதையுங்கள்.

பாத்திக்கும் இதே கலவைதான். சதுர மீட்டருக்கு ஆட்டு எரு அரை கிலோ, கரம்பை இரண்டு செ.மீ., கரி அரை கிலோ. மட்கை நாற்று நடும் துளையில் ஒவ்வொரு பிடி.

10. வளரும்போது

ஜீவாமிர்தத்தை உரம் என்று எண்ணி ஏமாறவேண்டாம். 20 லிட்டர் நீருக்கு ஒரு கிலோ சாணம், ஒரு லிட்டர் மூத்திரம், 200 கிராம் கருப்பட்டி, 200 கிராம் பயறு மாவு, ஒரு பிடி மண். இரண்டு நாள் நிழலில். அதில் உள்ள சத்து சொற்பம். மண்ணில் மட்க ஏதாவது இருந்தால் அதை மட்கவைக்கும் வேலையைத் தூண்டும். வெறும் மணலில் ஊற்றினால் மணல் ஈரமாகும், அவ்வளவே. பூக்கும் பருவத்தில் செடி சோர்ந்தால் கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து ஊற்றுங்கள். தழைச்சத்து ஏழு சதவீதம் வரை இருப்பதால் கைமேல் பலன் தெரியும். ஆமணக்குப் பிண்ணாக்கும் நல்லதுதான். ஆடு, நாய் வாய்வைத்தால் நஞ்சு என்பதால் புதைத்தே இடவேண்டும்.

குருத்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், அது தழைச்சத்துக் குறையன்று. காரத்தன்மையால் இரும்பு கிடைக்காமல் போனது. சாம்பலையும் கிளிஞ்சல் தூளையும் நிறுத்துங்கள்; லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து, ஒரு எலுமிச்சம்பழச் சாறு சேர்த்து மாலையில் இலைமேல் தெளியுங்கள்.

மூடாக்கு இல்லாமல் ஒரு சாண் மண்ணும் வெயிலைப் பார்க்கக்கூடாது. பனை ஓலையைக் கிழித்துப் பரப்பலாம். வைக்கோல், தென்னங்கீற்று, அறுத்த தக்கைப்பூண்டு எல்லாம் ஆகும். கச்சான் காற்றுக் காலத்தில் இலேசான சருகு பறந்துவிடும். மேலே பனை மட்டையைக் குறுக்காக வையுங்கள். மண் காயாமல் இருந்தால் அடியிலுள்ள உப்பு மேலேறிப் படிவதும் குறையும்.

11. இரண்டாம் ஆண்டு

காய்ப்பு முடிந்த செடியைப் பிடுங்காமல் தரையோடு அறுத்துவிடுங்கள். வேர் அங்கேயே மட்கட்டும். புதுக்குழி எடுக்க ஆசை வரும், வேண்டாம். பழைய குழியிலேயே தாழ்ந்த அளவுக்குத் தழையும் ஒரு கிலோ ஆட்டு எருவும் ஒரு சட்டி கரம்பையும் சேர்த்து நிரப்புங்கள். கரி தேவையில்லை, போன ஆண்டு இட்டது அப்படியே இருக்கும். பூசணி இருந்த குழியில் தட்டைப்பயறும், கத்தரி இருந்த பாத்தியில் கொத்தவரையும் வைத்தால் தழைச்சத்துச் செலவு இன்னும் குறையும். அப்படி மிஞ்சிய மட்கைக்கொண்டு, முதல் ஆண்டில் எட்டாமல் விட்ட இடத்தில் பத்துக் குழி கூட்டிக்கொள்ளலாம்.